ஹென்றி கிளே

ஹென்றி கிளே (ஏப்ரல் 12, 1777 – ஜூன் 29, 1852) ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். கென்டக்கி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தார். கீழவையான பிரதிநிதிகள் அவையின் சபாநாயகராக மூன்று காலப்பகுதிகளில் பணியாற்றினார். 1825 முதல் 1829 வரை ஜான் குவின்சி ஆடம்சின் அரசில் வெளியுறவுச் செயலராக இருந்தார். 1824, 1832, 1844 ஆகிய ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு மூன்று முறையும் தோல்வியடைந்தார்.

அடிமை முறை பற்றிய பிணக்கால் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் பிரிந்து போகும் நிலை தோன்றிய போதெல்லாம் இரு தரப்பினருக்கும் இடையே உடன்பாடு காண முயன்றவர் என்பதால் மாபெரும் சமரசர் என்னும் அடைமொழியால் இவர் அறியப்படுகிறார். டேனியல் வெப்ஸ்டர், ஜான் கால்ஹூன் ஆகியோருடன் சேர்த்து இவரை அக்காலத்தின் பெரும் மூவருள் ஒருவராகக் குறிப்பிடுவர். இவர் கண்ட உடன்பாடுகள் நாட்டின் ஒற்றுமையைப் பல பத்தாண்டுகள் காத்தன. எனினும் அவற்றின் விலையை அந்த உடன்பாடுகளில் எந்தப் பங்கும் பெறாத அடிமை மக்களே செலுத்த நேர்ந்தது. இவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரே.

பிறப்பும் இளமையும்

ஹென்றி கிளே வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவர் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜான் கிளே பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாயார் எலிசபெத் ஹட்சன். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1781 ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். அவர் எழுதி வைத்த உயிலின்படி, நான்கு வயதுச் சிறுவனான கிளேக்கு இரண்டு அடிமைகள் உடைமையாக வந்து சேர்ந்தனர். அடிமை முறையுடன் இவருக்கு இருந்த தொடர்பு இவ்வாறு குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியது.

தாயார் ஹென்றி வாட்கின்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 1791 இல் குடும்பத்தினர் மேற்கே கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தனர். கிளே ரிச்மண்ட் நகரில் தங்கி முதலில் ஒரு கடையிலும் பின்னர் நீதிமன்ற அலுவலகத்திலும் வேலை பார்த்தார். இவரது அழகிய கையெழுத்து, புகழ்பெற்ற சட்ட அறிஞரும் நீதிபதியுமான ஜார்ஜ் வித்தின் கவனத்தை ஈர்த்தது. கை நடுக்கத்தால் எழுத இயலாதிருந்த வித், கிளேயைத் தமது எழுத்தராக அமர்த்திக்கொண்டார். தாமஸ் ஜெபர்சனுக்குச் சட்டம் கற்பித்தவர் இவரே. அடிமை முறையை வெறுத்த வித்தின் கருத்துக்கள் இளைஞரான கிளேயிடம் தாக்கத்தை ஏற்படுத்தின. முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத கிளே, பின்னர் வர்ஜீனியாவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் புரூக்கிடம் சட்டம் பயின்று 1797 இல் வழக்கறிஞரானார்.

கென்டக்கி வாழ்க்கை

1797 ஆம் ஆண்டின் இறுதியில் கிளே கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் குடியேறினார். கென்டக்கி 1792 இல்தான் மாநிலமாக ஆகியிருந்தது. குடியேறியவர்களுக்கிடையே நில உரிமை பற்றிய வழக்குகள் மிகுதியாக இருந்ததால் வழக்கறிஞர்களுக்கு அங்கு நல்ல வருவாய் கிடைத்தது. சான்றாளர் குழுவின் உள்ளத்தைத் தொடுமாறு பேசும் ஆற்றல் கிளேக்கு விரைவில் பெயர் பெற்றுத் தந்தது.

1799 ஏப்ரலில் லுக்ரீசியா ஹார்ட் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். ஆறு பெண்மக்களும் 1835 ஆம் ஆண்டுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். லெக்சிங்டனுக்கு அருகே ஆஷ்லாந்து என்ற பண்ணையைக் கிளே உருவாக்கினார். அது படிப்படியாக விரிந்து சுமார் 600 ஏக்கர் பரப்பை அடைந்தது. கயிறும் சாக்குத் துணியும் செய்யப் பயன்பட்ட ஹெம்ப் என்னும் நார்ப்பயிர் அங்குப் பெருமளவில் பயிரிடப்பட்டது. 1817 இல் இங்கிலாந்திலிருந்து ஹெர்போர்டு இன மாடுகளை இவர் வரவழைத்தார். பண்ணை வேலைகளைச் செய்தவர்கள் அடிமைகளே. இவர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் சுமார் 60 ஐ எட்டியது.

கென்டக்கிக்குப் புதிய அரசியலமைப்பு வரையப்பட்ட 1799 ஆம் ஆண்டில், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க அதில் வழி செய்ய வேண்டும் என்று கிளே வாதிட்டார். அம்முயற்சி தோல்வியடைந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1849 இல், மாநிலத்தின் அரசியலமைப்பு மீண்டும் திருத்தப்பட்ட போதும் இவர் இதே கருத்தை முன்வைத்தார். அப்போதும் அது ஏற்கப்படவில்லை.

அரசியலில் நுழைவு

1803 இல் கென்டக்கி சட்டமன்றத்திற்குக் கிளே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1806 இல் செனட் அவையில் காலியான ஓர் இடத்தின் எஞ்சிய காலத்திற்கு மாநிலச் சட்டமன்றம் இவரை அனுப்பியது. செனட் உறுப்பினராக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கூறுகிறது. பதவியேற்ற போது கிளேக்கு 29 வயதே ஆகியிருந்தது. எனினும் இதனை எவரும் சுட்டிக்காட்டித் தடுக்கவில்லை.

பின்னர் கென்டக்கிச் சட்டமன்றத்தின் சபாநாயகரான கிளே, உறுப்பினர்கள் பிரித்தானியத் துணிகளைத் தவிர்த்து உள்நாட்டில் நெய்த துணியை அணிய வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இதை ஹம்ப்ரி மார்ஷல் என்னும் உறுப்பினர் எதிர்த்தார். வாக்குவாதம் முற்றி, 1809 ஜனவரியில் இருவரும் எதிரெதிரே நின்று துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் டூயல் சண்டையில் முடிந்தது. கிளேயின் தொடையில் குண்டு பாய்ந்தது. இருவரும் உயிர் தப்பினர். மானப் பிரச்சினைகளை இவ்வாறு தீர்த்துக்கொள்வது அக்கால அரசியல்வாதிகளிடையே வழக்கமாக இருந்தது.

பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர்

செனட்டில் மற்றொரு குறுகிய பதவிக்காலத்திற்குப் பின்னர், கிளே பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1811 நவம்பர் 4 அன்று, உறுப்பினராகப் பதவியேற்ற முதல் நாளிலேயே அவையின் சபாநாயகராகவும் தெரிவு செய்யப்பட்டார். அப்போது இவருக்கு வயது 34.

அதுவரை சபாநாயகர் பதவி, பிரித்தானிய மரபைப் பின்பற்றி, பெரும்பாலும் விவாதத்தை ஒழுங்குபடுத்தும் நடுவரின் பதவியாகவே கருதப்பட்டது. கிளே இதை மாற்றினார். அவையின் குழுக்களை நியமிக்கும் அதிகாரம் சபாநாயகரிடம் இருந்தது. தம் கருத்துடன் ஒத்தவர்களை முக்கியக் குழுக்களில் அமர்த்தியதன் மூலம் எந்தச் சட்டவரைவு அவைக்கு வரும், எது வராது என்பதை இவர் பெருமளவு தீர்மானித்தார். அவை முழுவதும் குழுவாகக் கூடும் வேளைகளில் தமது இருக்கையை விட்டிறங்கி விவாதங்களிலும் பங்கேற்றார். ஒழுங்கைக் காப்பதிலும் கண்டிப்பாக இருந்தார். வர்ஜீனியா உறுப்பினர் ஜான் ராண்டால்ப் தமது வேட்டை நாயுடன் அவைக்குள் வருவது வழக்கம். முந்தைய சபாநாயகர்கள் அதைத் தடுக்கத் துணியவில்லை. கிளே அந்த நாயை வெளியேற்றுமாறு அவைக் காவலருக்கு உத்தரவிட்டார். சபாநாயகர் என்பவர் அவைப் பெரும்பான்மையின் தலைவர் என்ற இன்றைய அமெரிக்க மரபு இவரிடமிருந்தே தொடங்குவதாக வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

1812 ஆம் ஆண்டுப் போர்

பிரித்தானியக் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை மறித்து மாலுமிகளைப் பிடித்துச் சென்றதும், அமெரிக்க வணிகத்திற்குத் தடைகள் விதிக்கப்பட்டதும் மக்களிடையே சினத்தை மூட்டின. மேற்கு எல்லையில் அமெரிக்கப் பழங்குடியினருக்குப் பிரித்தானியர் உதவுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. பிரித்தானியாவுடன் போர் தொடுக்க வேண்டும் என்று வற்புறுத்திய இளம் உறுப்பினர்கள் போர்ப் பருந்துகள் எனப்பட்டனர். கிளே அவர்களின் தலைவராக விளங்கினார். தென் கரோலினாவின் ஜான் கால்ஹூனும் அவர்களுள் ஒருவர். குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசன் போரை அறிவிக்கும்படி காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். பிரதிநிதிகள் அவை 79–49 என்ற கணக்கிலும், செனட் 19–13 என்ற கணக்கிலும் அதற்கு இசைந்தன. ஜூன் 18, 1812 இல் போர் அறிவிக்கப்பட்டது.

போர் எதிர்பார்த்தபடி எளிதாக இருக்கவில்லை. கனடாவைக் கைப்பற்றும் முயற்சிகள் தோல்வியுற்றன. 1814 இல் அமைதிப் பேச்சுக்கான ஐவர் குழுவில் ஒருவராகக் கிளே நியமிக்கப்பட்டதால் சபாநாயகர் பதவியைத் துறந்து ஐரோப்பாவுக்குச் சென்றார். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் பேச்சுக்கள் நடந்தன. குழுவின் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிகாலையில் எழுந்து படிக்கும் வழக்கமுடையவர். அவர் எழும் வேளையில்தான் கிளேயின் அறையில் சீட்டாட்டம் முடிந்து நண்பர்கள் கலைவர். இருவருக்கும் அடிக்கடி பிணக்கு ஏற்பட்டது. ஆடம்ஸ் நியூ இங்கிலாந்து மீனவர்களின் உரிமையையும், கிளே மிசிசிப்பி ஆற்றில் பிரித்தானியருக்கு இடந்தரக் கூடாது என்பதையும் முதன்மையாகக் கருதினர். இறுதியில் டிசம்பர் 24, 1814 இல் உடன்படிக்கை கையெழுத்தானது. போருக்கு முன்பிருந்த எல்லைகளே மீண்டும் ஏற்கப்பட்டன.

அமெரிக்க முறைமை

1815 இல் கிளே மீண்டும் சபாநாயகரானார். போர்க்காலத்தில் நாட்டின் பணமும் போக்குவரத்தும் சீர்குலைந்ததைக் கண்ட அனுபவம் இவரது பொருளாதாரக் கருத்துக்களை மாற்றியது. 1811 இல் தேசிய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்க எதிர்ப்புத் தெரிவித்த இவர், 1816 இல் இரண்டாம் தேசிய வங்கி தொடங்கப்படுவதை ஆதரித்தார். காலப்போக்கில் இவரது திட்டம் அமெரிக்க முறைமை என்று பெயர் பெற்றது. அதன் கூறுகள் பின்வருமாறு:

உள்நாட்டுத் தொழில்களைக் காக்க இறக்குமதிப் பொருட்களுக்கு உயர்ந்த சுங்கவரி விதித்தல்.

நாடு முழுவதும் ஏற்கப்படும் நிலையான நாணயத்திற்காகத் தேசிய வங்கியைப் பேணுதல்.

நடுவண் அரசின் செலவில் சாலைகளும் கால்வாய்களும் அமைத்தல்.

வடகிழக்கின் ஆலைகள், மேற்கின் தானியம், தெற்கின் பருத்தி ஆகியவை ஒன்றுக்கொன்று சந்தையாக அமைந்தால் மாநிலங்கள் பொருளாதார அடிப்படையிலும் பிணைக்கப்படும் என்று கிளே எண்ணினார். ஆனால் பருத்தியை ஐரோப்பாவுக்கு விற்று, ஆலைப் பொருட்களை வெளியிலிருந்து வாங்கிய தென் மாநிலங்களுக்கு உயர்ந்த சுங்கவரி சுமையாகவே தெரிந்தது.

இக்காலத்தில் எசுப்பானியாவிடமிருந்து விடுதலை பெறப் போராடிய தென் அமெரிக்க நாடுகளை ஏற்க வேண்டும் என்றும் இவர் தொடர்ந்து வாதிட்டார். 1822 இல் அமெரிக்க அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. 1819 இல் புளோரிடாவில் படைத்தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் மேற்கொண்ட நடவடிக்கைகளைக் கிளே அவையில் கடுமையாகக் கண்டித்தார். ஜாக்சன் இதை என்றும் மறக்கவில்லை.

மிசூரி உடன்பாடு

1819 இல் மிசூரி நிலப்பகுதி மாநிலமாக இணைய விண்ணப்பித்தது. அங்கு அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்ற திருத்தத்தை நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் முன்மொழிந்தார். அவ்வாண்டின் இறுதியில் அடிமை முறை உள்ள மாநிலங்களும் அது இல்லாத மாநிலங்களும் பதினொன்று பதினொன்றாகச் சமநிலையில் இருந்தன. ஆகவே செனட்டில் எத்தரப்பு மேலோங்கும் என்பதே இதன் அடியில் இருந்த சிக்கலாகும்.

மிசூரியை அடிமை முறை உள்ள மாநிலமாகவும் மேய்னை அது இல்லாத மாநிலமாகவும் சேர்த்துக்கொள்வது, லூசியானா நிலப்பரப்பின் எஞ்சிய பகுதியில் 36°30′ வடக்கு அகலாங்கிற்கு மேலே அடிமை முறையைத் தடை செய்வது என்னும் திட்டம் செனட்டில் உருவானது. எல்லைக்கோட்டை முன்மொழிந்தவர் இல்லினாய் உறுப்பினர் ஜெசி தாமஸ். அதைப் பிரதிநிதிகள் அவையில் நிறைவேற்றியதே கிளேயின் பங்கு ஆகும். முழுத் திட்டத்திற்கும் சேர்த்துப் பெரும்பான்மை கிடைக்காது என்பதை அறிந்து, அதன் பகுதிகளைத் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விட்டார். மிசூரியில் அடிமை முறைக்குத் தடை வேண்டாம் என்ற முடிவு 90–87 என்ற மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்றது.

மறுநாள் ஜான் ராண்டால்ப் இந்த வாக்கெடுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி எழுந்தார். வழக்கமான அலுவல்கள் முடியட்டும் என்று கிளே அவரை அமரச் செய்தார். அந்த இடைவேளையில் சட்டவரைவில் கையெழுத்திட்டு செனட்டுக்கு அனுப்பிவிட்டார். ராண்டால்ப் மீண்டும் எழுந்தபோது மறுபரிசீலனை செய்ய அவையிடம் எதுவும் இருக்கவில்லை.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. மிசூரி தனது அரசியலமைப்பில் சுதந்திரமான கறுப்பின மக்கள் மாநிலத்திற்குள் நுழையக் கூடாது என்று எழுதியது. இதனால் 1821 இல் மீண்டும் நெருக்கடி எழுந்தது. 1819 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியால் கடனாளியான கிளே இதற்குள் சபாநாயகர் பதவியிலிருந்து விலகியிருந்தார். எனினும் இரு அவைகளின் கூட்டுக்குழுவை அமைத்து, எந்த மாநிலக் குடிமகனின் உரிமையும் அப்பிரிவால் பறிக்கப்படாது என்று மிசூரி உறுதி அளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றினார். இந்த உறுதிமொழி நடைமுறையில் கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்பு எதையும் அளிக்கவில்லை.

1824 தேர்தலும் ஊழல் பேரக் குற்றச்சாட்டும்

1823 இல் அவைக்குத் திரும்பிய கிளே மூன்றாம் முறையாகச் சபாநாயகரானார். 1824 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராபோர்டு 41, கிளே 37 பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், அரசியலமைப்பின்படி முதல் மூவருள் ஒருவரைப் பிரதிநிதிகள் அவை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான்காம் இடம் பெற்ற கிளே போட்டியிலிருந்து நீங்கினாலும், அந்த அவையின் சபாநாயகராக முடிவைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தார்.

ஜாக்சனை ஆதரிக்குமாறு கென்டக்கிச் சட்டமன்றம் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் போர்க்களப் புகழ் மட்டுமே ஆட்சிக்குத் தகுதியாகாது என்று கருதிய கிளே, பொருளாதாரக் கொள்கையில் தம்முடன் ஒத்த ஆடம்சை ஆதரித்தார். பிப்ரவரி 9, 1825 இல் நடந்த வாக்கெடுப்பில் 13 மாநிலங்களின் ஆதரவுடன் ஆடம்ஸ் வென்றார். சில நாட்களில் கிளேயை வெளியுறவுச் செயலராக அவர் தெரிவு செய்தார். முந்தைய குடியரசுத் தலைவர்கள் பலர் அப்பதவியிலிருந்து உயர்ந்தவர்கள் என்பதால், இது ஊழல் பேரம் என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் குற்றம் சாட்டினர். அத்தகைய பேரம் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இக்குற்றச்சாட்டு கிளேயை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. இதே காரணத்திற்காகத் தம்மை இழிவாகப் பேசிய ஜான் ராண்டால்புடன் 1826 ஏப்ரலில் கிளே டூயல் சண்டையிட்டார். ராண்டால்பின் மேலங்கியைக் குண்டு துளைத்தது. இருவரும் காயமின்றித் தப்பினர். 1828 தேர்தலில் ஜாக்சன் ஆடம்சைத் தோற்கடித்தார்.

சார்லட் டுபியின் வழக்கு

1829 இல் கிளே பதவி முடிந்து கென்டக்கிக்குத் திரும்பவிருந்த வேளையில், அவர் வீட்டில் அடிமையாக இருந்த சார்லட் டுபி என்னும் பெண் தமக்கும் தம் இரு பிள்ளைகளுக்கும் விடுதலை கோரி வாஷிங்டன் நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுத்தார். 1806 இல் கிளே இவரை விலைக்கு வாங்கியிருந்தார். தம் தாயார் விடுதலை பெற்றவர் என்பதும், முந்தைய உடைமையாளர் தமக்கு விடுதலை அளிப்பதாக வாக்களித்தார் என்பதும் டுபியின் வாதங்கள் ஆகும். வழக்கு முடியும்வரை அவர் வாஷிங்டனில் தங்க நீதிமன்றம் அனுமதித்தது. அக்காலத்தில் புதிய வெளியுறவுச் செயலரான மார்ட்டின் வான் பியூரனின் வீட்டில் கூலிக்கு வேலை செய்தார்.

1830 இல் தீர்ப்பு டுபிக்கு எதிராக அமைந்தது. கென்டக்கிக்குத் திரும்ப அவர் மறுத்த போது கிளேயின் முகவர் அவரைச் சிறையில் அடைக்கச் செய்தார். பின்னர் கணவரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரித்து, நியூ ஆர்லியன்சில் இருந்த கிளேயின் மகள் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். 1840 இல்தான் டுபிக்கும் அவர் மகளுக்கும் கிளே விடுதலை அளித்தார். மகன் சார்லஸ் 1844 இல் விடுதலை பெற்றார். மேடைகளில் அடிமை முறையைத் தீமை என்று கூறிய கிளே, சொந்த வீட்டில் நடந்துகொண்ட முறைக்கு இவ்வழக்கு சான்றாக அமைகிறது.

செனட் அவையில்

1831 இல் கிளே செனட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, தேசிய வங்கியின் உரிமத்தைக் காலம் முடிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே புதுப்பிக்கும் சட்டவரைவைத் தேர்தல் நோக்குடன் முன்னெடுத்தார். குடியரசுத் தலைவர் ஜாக்சன் ஜூலை 10, 1832 இல் அதை நிராகரித்தார். வங்கி பணக்காரர்களுக்கு மட்டுமே உதவுகிறது என்ற ஜாக்சனின் வாதம் மக்களிடம் எடுபட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஜாக்சன் 219 தேர்வாளர் வாக்குகளையும் கிளே 49 வாக்குகளையும் பெற்றனர்.

தேர்தல் முடிந்த உடனே புதிய நெருக்கடி தோன்றியது. உயர்ந்த சுங்கவரிச் சட்டங்கள் தனது எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா 1832 நவம்பரில் அறிவித்தது. படையைப் பயன்படுத்தவும் தயங்கப் போவதில்லை என்று ஜாக்சன் எச்சரித்தார். உயர்ந்த சுங்கவரியைத் தம் கொள்கையின் தூணாகக் கொண்டிருந்த கிளேயே அதைக் குறைக்க முன்வந்தார். 1842 க்குள் வரியைப் படிப்படியாக 20 விழுக்காட்டிற்குக் குறைக்கும் திட்டத்தைக் கால்ஹூனுடன் பேசி உருவாக்கினார். மார்ச் 1833 இல் இது சட்டமானது. தென் கரோலினா தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

1834 மார்ச்சில் தேசிய வங்கியிலிருந்து அரசுப் பணத்தை அகற்றியதற்காக ஜாக்சனுக்குக் கண்டனம் தெரிவிக்கும் தீர்மானத்தைக் கிளே 26–20 என்ற கணக்கில் நிறைவேற்றினார். 1837 இல் ஜாக்சனின் ஆதரவாளர்கள் அதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினர். ஜாக்சனை எதிர்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த விக் கட்சிக்குக் கிளே தலைவராக விளங்கினார். செரோக்கி பழங்குடியினரை அவர்களின் நிலத்திலிருந்து அகற்றும் கொள்கையையும் 1835 இல் செனட்டில் எதிர்த்துப் பேசினார்.

1840 தேர்தலில் விக் கட்சி கிளேயை விட்டுவிட்டு, போர் வீரரான வில்லியம் ஹென்றி ஹாரிசனை வேட்பாளராக்கி வென்றது. பதவியேற்ற ஒரு மாதத்தில் ஹாரிசன் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் டைலர், கிளே கொண்டுவந்த வங்கிச் சட்டவரைவுகளை இருமுறை நிராகரித்தார். மனம் வெறுத்த கிளே 1842 மார்ச்சில் செனட்டிலிருந்து விலகினார்.

1844 தேர்தல்

1844 இல் விக் கட்சி கிளேயை ஒருமனதாக வேட்பாளராக்கியது. எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க். டெக்சாசை நாட்டுடன் இணைப்பதா என்பது முதன்மையான சிக்கலாக எழுந்தது. இணைப்பு மெக்சிக்கோவுடன் போருக்கு வழிவகுக்கும் என்று கிளே ஏப்ரலில் அதை எதிர்த்தார். தெற்கில் ஆதரவு குறைவதைக் கண்டு, போரின்றியும் ஒருமித்த ஒப்புதலுடனும் இணைவதானால் மகிழ்ச்சியே என்னும் பொருள்படக் கோடையில் கடிதங்கள் எழுதினார். இந்த இரட்டை நிலை வடக்கில் அடிமை முறை எதிர்ப்பாளர்களை விலகச் செய்தது. நியூயார்க்கில் கிளே சுமார் 5,100 வாக்குகளில் தோற்றார். அங்கு அடிமை ஒழிப்பை ஆதரித்த லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னி 15,000 க்கும் கூடுதலான வாக்குகளைப் பெற்றிருந்தார். நியூயார்க்கை வென்றிருந்தால் கிளே குடியரசுத் தலைவராகியிருப்பார். தேர்வாளர் வாக்குகள் 170–105 என்று முடிந்தன.

டெக்சாஸ் இணைக்கப்பட்டது, போரும் வந்தது. பிப்ரவரி 1847 இல் புவெனா விஸ்டா போரில் இவரது மகன் ஹென்றி கிளே இளையவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் லெக்சிங்டனில் கிளே போரைக் கண்டித்து உரையாற்றினார்.

1850 உடன்பாடு

மெக்சிக்கோவிடமிருந்து பெற்ற பரந்த நிலப்பரப்பில் அடிமை முறையை அனுமதிப்பதா என்ற கேள்வி நாட்டை மீண்டும் பிளவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. 1849 இல் தமது 72 ஆம் வயதில் செனட்டுக்குத் திரும்பிய கிளே, ஜனவரி 29, 1850 இல் எட்டுத் தீர்மானங்களை முன்வைத்தார். எலும்புருக்கி நோயால் மெலிந்திருந்த இவர் பிப்ரவரியில் இரண்டு நாட்கள் தொடர்ந்து உரையாற்றினார். கால்ஹூன் எதிர்த்தார், வெப்ஸ்டர் ஆதரித்தார். எல்லாவற்றையும் ஒரே சட்டவரைவாக இணைத்த முயற்சி ஜூலை 31 இல் சிதைந்தது. களைத்துப்போன கிளே ஓய்வுக்காக ரோட் தீவின் நியூபோர்ட் நகருக்குச் சென்றார். மிசூரி உடன்பாட்டில் கிளே கையாண்ட அதே வழியில், ஸ்டீபன் டக்ளஸ் என்ற இளம் உறுப்பினர் பகுதிகளைத் தனித்தனியாக நிறைவேற்றினார். செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மில்லார்ட் பில்மோர் அவற்றில் கையெழுத்திட்டார்.

இதன்படி கலிபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாக இணைந்தது. யூட்டா, நியூ மெக்சிக்கோ பகுதிகளுக்கு இது குறித்து நிபந்தனை விதிக்கப்படவில்லை. எல்லைப் பிணக்கை விட்டுக்கொடுத்த டெக்சாசுக்கு 1 கோடி டாலர் அளிக்கப்பட்டது. வாஷிங்டன் நகரில் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது. தெற்கு கேட்ட விலை, தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஆகும். பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல முடியாது; சான்றாளர் குழுவும் கிடையாது. அவரை அடிமையாகத் திருப்பி அனுப்பும் ஆணையருக்கு 10 டாலரும், விடுவிக்கும் ஆணையருக்கு 5 டாலரும் கட்டணமாகக் கிடைத்தன. வட மாநிலங்களில் பல ஆண்டுகளாகச் சுதந்திரமாக வாழ்ந்தவர்களும் கனடாவுக்குத் தப்பியோட நேர்ந்தது.

அடிமை முறை பற்றிய நிலைப்பாடு

அடிமை முறை தீமையானது என்பதும், அதை ஒரே நாளில் ஒழிப்பது அதைவிடப் பெரிய தீமை என்பதும் கிளேயின் நிலைப்பாடு. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதே தீர்வு என்று நம்பினார். 1816 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் தலைவராக 1836 முதல் இறக்கும்வரை இருந்தார். லைபீரியா அச்சங்கத்தின் முயற்சியால் உருவானது. ஆனால் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அங்குச் செல்ல விரும்பவில்லை. 1839 இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தினரைக் கிளே செனட்டில் கடுமையாகத் தாக்கிப் பேசினார்.

இவரது உயிலும் இதே போக்கைக் காட்டுகிறது. தம் அடிமைப் பெண்களுக்கு ஜனவரி 1, 1850 க்குப் பின் பிறக்கும் பிள்ளைகளில் ஆண்கள் 28 வயதிலும் பெண்கள் 25 வயதிலும் விடுதலை பெற்று ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று அதில் எழுதினார். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை.

இறப்பும் பின்விளைவுகளும்

கிளே ஜூன் 29, 1852 இல் வாஷிங்டனில் எலும்புருக்கி நோயால் இறந்தார். இவரது உடல் காங்கிரஸ் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் மனிதர் இவரே. லெக்சிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கிளேயைத் தமது அரசியல் வழிகாட்டியாகக் கருதிய ஆபிரகாம் லிங்கன், இல்லினாயின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இரங்கல் உரை நிகழ்த்தினார்.

1854 இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் மிசூரி உடன்பாட்டின் எல்லைக்கோட்டை நீக்கியது. விக் கட்சியும் சிதைந்தது. 1860–61 குளிர்காலத்தில் கென்டக்கியின் ஜான் கிரிட்டெண்டன் கிளேயின் வழியில் மீண்டும் ஓர் உடன்பாட்டை முயன்று தோற்றார். 1861 இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் கிளேயின் பேரர்கள் இரு தரப்புகளிலும் போரிட்டனர்.

மதிப்பீடு

கிளேயின் உடன்பாடுகள் பற்றி இருவேறு கருத்துக்கள் உள்ளன. 1820 இலோ 1833 இலோ நாடு பிளவுபட்டிருந்தால் அதைத் தடுக்கும் வலிமை வடக்கிற்கு இருந்திருக்காது என்றும், கிளே பெற்றுத் தந்த கால இடைவெளியில் வடக்கு மக்கள்தொகையிலும் தொழிலிலும் இருப்புப்பாதைகளிலும் வளர்ந்ததே பின்னர் ஒன்றியம் வெல்லவும் அடிமை முறை ஒழியவும் காரணம் என்றும் ஒரு சாரார் கூறுவர். அந்த இடைவெளியில் அடிமை முறையும் மேற்கு நோக்கிப் பரவியது. அடிமைகளின் எண்ணிக்கை 1820 இல் சுமார் 15 லட்சமாக இருந்து 1860 இல் சுமார் 40 லட்சமாகப் பெருகியது என்று மற்றொரு சாரார் சுட்டுவர். இரண்டு கருத்துக்களும் ஒரே நிகழ்வுகளின் இரு பக்கங்களாகும்.

1957 இல் ஜான் எஃப். கென்னடி தலைமையிலான குழு செனட்டின் தலைசிறந்த ஐந்து முன்னாள் உறுப்பினர்களுள் ஒருவராகக் கிளேயைத் தெரிவு செய்தது. ஆஷ்லாந்து பண்ணை வீடு 1950 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அமெரிக்காவின் பல மாவட்டங்களும் ஊர்களும் கிளேயின் பெயரைத் தாங்கியுள்ளன. சார்லட் டுபி வழக்கு முடிவுக்காகக் காத்திருந்த, வாஷிங்டனிலுள்ள டெகேட்டர் இல்லமும் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.